பன்னிரண்டாம் கட்டிலில் சொன்ன பெயர்

ஆஸ்பத்திரி வார்டில் கட்டில் எண் பன்னிரண்டு. எண்ணைப் பார்த்ததுமே பாதர் ரெமிஜியுஸ் புத்தகத்தைத் திறந்துவிட்டார், முகத்தைப் பார்க்கவில்லை. நினைவில்லாமல் கிடந்தவரின் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெயால் சிலுவை வரைந்து, சூசை என்று பெயர் சொல்லி, நோயாளிக்கான செபத்தை மளமளவென்று முடித்தார். குருவாகி இருபத்தாறு வருஷம். வாய் தன்பாட்டுக்கு ஓடும். இரண்டு வருஷமாக அவருடைய எல்லாச் செபமும் இப்படித்தான். விடியற்காலையில் பழங்காநத்தம் கோயிலில் தனியே முழந்தாளிட்டுத் திருப்பாடல்களை வாசிப்பார். கேட்க ஆளில்லாத வீட்டில் பேசுவதுபோல் இருக்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று கடவுளைப் பற்றியே நினைத்துவிட்டுப் பயந்துபோவார். யாரிடமும் சொன்னதில்லை. சாமியாருக்கே சாமிமேல் சந்தேகம் என்றால் ஊர் சிரிக்காதா?

வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்த அம்மாள் அப்படியே நின்றாள். கீழக்குயில்குடிக்காரி, பெயர் அழகம்மாள், அறுபது வயதிருக்கும்.

"சூசை அண்ணன் காலையிலயே வீட்டுக்குப் போயிட்டாரு சாமி. அவரு கட்டில இவுகளுக்குக் குடுத்துட்டாக. இவுக எங்க வீட்டுக்காரவுக."

பாதருக்கு உடம்பெல்லாம் கூசியது. "தெரியாமச் செஞ்சுட்டேன். மன்னிச்சிருங்கம்மா."

அவள் கோபப்படவில்லை. கணவரின் நெற்றியில் மினுங்கிய எண்ணெயையே பார்த்தாள்.

"அந்த அண்ணன் பேருக்குக் கேட்டது இவுகளுக்கு வந்து சேருமா?"

சேரும் என்று சொல்ல வாயெடுத்தார். பொய் சொல்ல முடியவில்லை.

"இவர் பேரச் சொல்லுங்கம்மா. மறுபடி கேப்போம்."

அழகம்மாள் தலைகுனிந்தாள். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷமாக அவள் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கும்போதுகூட மகன்தான் சொன்னான். மகன் இப்போது மருந்து வாங்கப் போயிருந்தான். டாக்டர் கெடு வைத்தது இன்று ராத்திரிவரைக்கும்தான்.

பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லகாமன்," என்றாள். பிறகு கொஞ்சம் பலமாக, "நல்லகாமன்."

பாதர் புத்தகத்தை மூடிவிட்டு, ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் முழந்தாளிட்டார். எத்தனையோ ஆயிரம் செபம் சொன்ன வாயில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெயரை மட்டும் கூடவே சொன்னார். யாரோ மிக அருகில் நின்று கேட்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது.

கணவரின் உள்ளங்கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு, இத்தனை வருஷம் விட்டுப்போனதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவளாக, அழகம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.