ஒன்பதாவது காலடியில் ஒரு சுவர்

லாரிக்காரர் ஒன்பதாவது காலடி எடுத்து வைத்தால் அவருக்கு எதிரே ஒரு சுவர் எழும்பும் என்பது, அவர் விடுதலையாகப் பதினொரு மாதங்கள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண் உயரம், சுண்ணாம்புப் பூச்சு, உட்கார்ந்து தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. சிறையில் அவருடைய அறையின் சுவரேதான். அந்த அறை எட்டுக் காலடி நீளம். இருபத்திரண்டு வருடமாக எட்டு வைத்துத் திரும்பி, எட்டு வைத்துத் திரும்பிய மனிதர். அவர் முதுகைக் காட்டியதும் சுவர் போய்விட்டது. தரையில் ஒரு ஈரக்கோடு மட்டும் கொஞ்ச நேரம் கிடந்து காய்ந்தது.

அன்று அங்கே இருந்தவர்கள் புதன்கிழமைக்காரர்கள். மூன்று வழிபாட்டு இடங்களிலிருந்து வந்து ஒன்றாகச் சேர்ந்தவர்களுக்குக் கைதிகள் வைத்த பெயர் அது. விடுதலை நெருங்கியவர்களுக்குப் பின்முற்றத்தில் சுண்ணாம்புத்தூளால் தெரு வரைந்து, சாலை கடக்கவும், செல்போனில் பேசவும், வங்கியில் படிவம் நிரப்பவும் சொல்லிக்கொடுப்பார்கள். தலைவி தையல்காரம்மா. அவருக்கு அடுத்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இருவரும் வேறு வேறு கூடத்தில் கும்பிடுகிறவர்கள். சுவரைப் பார்த்ததும் கண்டக்டர், இதற்கென்று தனியாகப் பிரார்த்தனை வைக்கலாமா என்றார். "மூணு சாமிக்கும் பொதுவா வேண்டியாச்சு. மத்தவர் பாத்துக்குவார்னு மூணு பேரும் விட்டுட்டாங்க போல" என்றார் தையல்காரம்மா. நாம்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த புதனிலிருந்து அவருக்கு மட்டும் நடைப்பயிற்சி என்று எழுதிக்கொண்டார்.

சிறைக் கண்காணிப்பாளருக்கு முதலில் சந்தோஷம்தான். கிழக்கு மதில் இடிந்து ஆறு வருடமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். லாரிக்காரரை அந்த இடத்தில் நடக்கவிட்டார். சுவர் வந்தது. திரும்பாமல் இப்படியே நில் என்றார். பாவம், மதியம் வரைக்கும் நின்றார். சாப்பாட்டு மணி அடித்ததும் திரும்பினார். சுவர் போனது. கண்காணிப்பாளர் மறுபடி மேலிடத்துக்கு எழுதினார்.

நடந்தே ஆகவேண்டிய அவசரம் மகளால் வந்தது. பழைய தகராறு ஒன்றில் இன்னொரு டிரைவரை ஜாக்கி லிவரால் அடித்துக் கொன்று லாரிக்காரர் உள்ளே போனபோது அவளுக்கு நாலு வயது. இப்போது மருந்துக்கடையில் வேலை. நிபந்தனையோடு விடுதலையாகிறவருக்கு ஒரு விலாசம் வேண்டும். விடுதலையன்று மாலை ஆறு மணிக்குப் போலீஸ்காரர் வரும்போது அந்த விலாசத்தில் ஆள் இல்லையென்றால் மறுபடி உள்ளே, மீதி மூன்று வருடமும். மனைவி எப்போதோ இறந்துவிட்டார், வேறு நாதி இல்லை. தையல்காரம்மா எழுதிய பதினோராவது கடிதத்துக்கு மகளிடமிருந்து பதில் வந்தது. வரட்டும், ஆனால் யாரும் கூட்டிக்கொண்டு வரக்கூடாது. நானும் பஸ் ஸ்டாப்புக்கு வரமாட்டேன். அன்றைக்குத் தானாக நடந்து போனவர் தானாக நடந்து வரட்டும். அவ்வளவுதான் கடிதம். தையல்காரம்மா அந்த ஊருக்கே போய், பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை நடந்து பார்த்தார். முந்நூற்று நாற்பது காலடி.

ஐந்து மாதம் வீணாகப் போனது. தப்பு அவர்களுடையதுதான். கண்டக்டர் முப்பது வருடம் தலை எண்ணிய மனிதர். லாரிக்காரருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உரக்க எண்ணுவார். மற்றவர்கள் கை தட்டிக்கொண்டு கூடவே எண்ணுவார்கள், உற்சாகப்படுத்துகிறார்களாம். சிறையில் தினம் மூன்று வேளை கைதிகளை எண்ணுவது போதாதென்று இவர்களும் எண்ணினார்கள். சுவர் கனத்துக்கொண்டே போய், ஒன்பதில் வந்தது ஏழிலேயே வர ஆரம்பித்தது. ஆகாது, விட்டுவிடுங்கள் என்றார் கண்காணிப்பாளர். தையல்காரம்மா அடுத்த புதனும் வந்தார்.

அன்று விடுதலைச் சட்டைக்கு அளவு எடுக்கும் நாள். எத்தனை பை என்று கேட்டார். லாரிக்காரர் இரண்டு என்றார். இந்த உடம்புக்கு ஒன்றே அதிகம் என்றார் தையல்காரம்மா. லைசென்ஸுக்கு ஒன்று, பீடிக்கு ஒன்று என்று அவர் வாதாட, உமக்கு லைசென்ஸும் கிடையாது, பீடியும் விட்டாச்சு, காற்றையா வைப்பீர் என்று இவர் அளவு நாடாவோடு நடக்க, அவரும் விடாமல் பின்னால் வர, முற்றத்தின் கடைசிக்குப் போய்விட்டார்கள். இருபத்து மூன்று காலடி. சுவர் இல்லை. கண்டக்டர் வாயைத் திறந்தார். "எண்ணாதீங்க. இனிமே யாராவது எண்ணினா வாயைச் சேத்துத் தச்சிடுவேன்" என்றார் தையல்காரம்மா.

பேசினால் மனம் எண்ணாது, மனம் எண்ணாவிட்டால் சுவர் வராது. தெளிவாகிவிட்டது. ஆனால் மகள் வீட்டுக்குத் துணையில்லாமல் போக வேண்டுமே. அதனால் தனியாகப் பேசப் பழக்கினார்கள். தான் லாரி ஓட்டிய சாலைகளை லாரிக்காரர் சொல்லிக்கொண்டே நடந்தார்: எந்தப் பாலத்தில் வளைவு, எங்கே டயர் வெடித்தது, எந்த மேட்டில் இரண்டாம் கியர். கைதிகள் அவருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். பத்தாவது மாதம் முற்றத்தை நாற்பது சுற்று சுற்றினார். முந்நூற்று நாற்பது என்ற கணக்கை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

விடுதலையன்று இரண்டு பை வைத்த சட்டையோடு மூன்று மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினார். பாலம், வளைவு, டயர் என்று சொல்லிக்கொண்டே தெருவில் நுழைந்தார். ஒரு பெண்மணி குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒருவர் வழிவிட்டார். அவர் எதையும் கவனிக்கவில்லை. வாசலில் மருந்துக்கடைக் கோட்டோடு நின்ற மகளைப் பார்த்ததும், தெரிந்த சாலையெல்லாம் தீர்ந்து போனது. வாய் நின்றது. கால் நடந்தது. ஒன்பதாவதில் சுவர் எழும்பியது. வாசலுக்குப் பத்துக் காலடி இருந்தது.

திரும்பினால் சுவர் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். திரும்பினால் பஸ் ஸ்டாப்பு கண்ணில் படும், அங்கே நிற்கும் பஸ்ஸில் தான் ஏறிவிடுவோம் என்பதும் தெரியும். அதனால் திரும்பாமல் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அந்த லிவரை எதுக்கு எடுத்தீங்க?"

"மிரட்டத்தான் எடுத்தேன்."

சுவர் ஒரு செங்கல் வரிசை உயர்ந்தது.

"அது கோர்ட்டுல சொன்னது. அதை நான் படிச்சிட்டேன். எங்கிட்ட சொல்லுங்க."

அவள் போகவில்லை.

"அடிக்கத்தான் எடுத்தேன். அவன் விழுந்தப்புறமும் ஒரு தடவை ஓங்கினேன்மா."

மேலிருந்து மூன்று வரிசை இல்லாமல் போனது. பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடிதம் போடுவதை ஏன் நிறுத்தினீர்கள், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது தெரியுமா, செத்தவருக்கும் பிள்ளைகள் இருந்தார்களே, அவர்களை ஒரு நாளாவது நினைத்தீர்களா. அவர் பதில் சொன்னார். மழுப்பினால் சுவர் ஏறியது, உள்ளதைச் சொன்னால் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். ஐந்தேமுக்காலுக்குச் சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"மிச்சத்த நாளைக்குக் கேக்கிறேன். தாண்டி வாங்க."

அவர் காலைத் தூக்கித் தாண்டினார், திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு வந்த போலீஸ்காரர் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அவர் முதுகைக் காட்டாமல் தாண்டியதால் அந்தச் சுவர் மட்டும் போகவில்லை. நகராட்சியிலிருந்து வந்து அளந்தார்கள், ஏற்கெனவே உள்ள சுவர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். லாரிக்காரர் இப்போது ஒரு கிடங்கில் காவல் வேலைக்கு நடந்தே போய் வருகிறார். மாலையில் அப்பாவும் மகளும் அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவள் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அந்தத் தெருவில் விலாசம் கேட்டு வருகிறவர்களிடம், சுவரைத் தாண்டி இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு என்றுதான் சொல்கிறார்கள்.