கந்தவேலின் வலது கை

கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பட்டா பாலியஸ்டரா என்று சொல்லிவிடுவார் புடவை வியாபாரி கந்தவேல். ஊரே அப்படிச் சொல்லும். முதலில் சொன்னது அவர்தான். போன ஐப்பசியில் கண்ணாடிக் கதவு உடைந்து, வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்தது. தைத்த பிறகு விரல்கள் அசைந்தன. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை.

"வலது கைச் சேதி மூளையோட இடது பாதிக்குப் போகணும். இப்பப் போறதில்லை," என்றார் அஸ்தம்பட்டி டாக்டர். "அந்தப் பாதி அடங்கினதும் இடது கையைப் பாக்கற மறுபாதிக்குக் கடிவாளம் தளருது. உங்க இடது கை முன்னைவிட நுணுக்கமாவே பாக்கும்."

கூடப் போயிருந்த மகள் தமிழினிக்கு அது ஆறுதல். கந்தவேலுக்கு வசவு. கல்யாணப் புடவையை இடது கையால் தொட்டு மதிப்புச் சொல்வதா? கை மரத்ததை வெளியே மூச்சு விடவில்லை.

தமிழினியின் கல்யாணத்துக்குக் கூரைப்புடவை எடுக்க இரண்டு வீட்டாரும் சேலத்துக் கடையில் உட்கார்ந்தார்கள்.

"சம்பந்தி கை வெச்சுச் சொல்லிட்டா அப்பறம் பேச்சே இல்லைங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா கருப்பண்ணன்.

கடைக்காரர் மரியாதையாக ஃபேனை நிறுத்தச் சொன்னார். கந்தவேல் கண்ணை மூடி, மடியில் விரித்த புடவையின் முந்தானையை வலது விரல்களில் உருட்டினார். காற்றை உருட்டியது போலிருந்தது.

"சுத்தப் பட்டுங்க."

அப்போதுதான் மடியில் சரிந்த மறுமுனை இடது கையில் பட்டது. வழுக்கிக்கொண்டு போனது. பாலியஸ்டர். விரல் நுனிக்குச் சந்தேகமே இல்லை.

சொன்னால் எந்தக் கை என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் மகள் பொய்ப் பட்டில் மணவறை ஏறுவாள். கந்தவேல் இடது கையை வேட்டி மடிப்புக்குள் ஒளித்தார்.

தமிழினி பார்த்துவிட்டாள். "அப்பா, அந்தக் கையில பாத்துச் சொல்லுங்க."

"நல்ல காரியத்துல அந்தக் கையிலயா சாமி?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா குஞ்சம்மாள்.

"வலது கை மரத்துப்போச்சுங்க அத்தை. அப்பாவுக்கு இப்ப இடது கையிலதான் தெரியும்."

கந்தவேலுக்குக் காது மடல் சுட்டது. "பட்டு இல்லைங்க," என்றார் தரையைப் பார்த்து.

"அப்ப முன்னால சொன்னதுங்க?" என்றார் கருப்பண்ணன்.

"அது பழக்கத்துல வந்துட்டதுங்க."

கருப்பண்ணன் கடைக்காரரிடம் திரும்பினார். "ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லக் கூடாதுங்களா?"

"அண்ணன் சொன்னப்பறம் நான் குறுக்க பேசலாமுங்களா?" என்று அவர் ஃபேனைப் போடச் சொன்னார்.

அடுத்த புடவை வந்தது. குஞ்சம்மாள் கணவரின் தோளிலிருந்து துண்டை உருவி, கந்தவேலின் இடது கைமேல் போர்த்தினாள்.

"இதுக்குள்ள பாருங்க, அண்ணா. கடைக்கு நாலு பேரு வந்து போறாங்க."

புடவை துண்டுக்கடியில் நுழைந்தது. கந்தவேல் தலை நிமிரவில்லை. சுற்றியிருந்தவர்கள் பயபக்தியோடு, மடியில் சும்மா கிடந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.