பட்டாணியின் சீட்

முப்பத்தொன்பது வயதில் அவளுக்குக் கார் ஆசை வந்துவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசினார்கள். உண்மையில் காரின் மேல் அவளுக்கு எந்த ஆசையும் கிடையாது. அவளுக்கும் அவள் மகளுக்கும் நடுவே நூற்றி நாற்பது கிலோமீட்டர் கிடந்தது. அதை எப்படியாவது சுருக்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

காது கேட்காதவர்களுக்கு மெஷின் பொருத்தும் கிளினிக்கில் அவளுக்கு வேலை. மகளுக்கு எட்டு வயது. பிறந்தபோது கைக்கடக்கமாக இருந்ததால் ‘பட்டாணி’ என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளும் கணவரும் பிரிந்தார்கள். சண்டை என்று பெரிதாக எதுவும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்து ஒருநாள் நின்றுபோனது. பள்ளிக்கூடம் அந்த ஊரில். கீழ் வீட்டிலேயே அத்தை. அதனால் பட்டாணி அப்பாவிடம் இருந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமையையும் பஸ்ஸே தின்றுவிடும். இரண்டு இடத்தில் மாறி, ஐந்து மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. நாலு மணிக்குத் திரும்பும் பஸ். நடுவில் கிடைக்கும் நாலரை மணி நேரத்தில் முதல் அரைமணி பட்டாணி வெட்கப்பட்டுக் கதவோரம் நிற்பாள். கடைசி ஒரு மணி நேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பாள். மிச்சம் மூன்று மணி. அதில் சாப்பாடும் போய்விடும்.

கார் என்றால் இரண்டே கால் மணி நேரம். அவள் கணக்குப் போட்டாள், பழைய சாம்பல் நிறக் கார் ஒன்றை வாங்கினாள், டிரைவிங் கிளாஸில் சேர்ந்தாள். இரண்டாவது தடவையில் லைசென்ஸ் கிடைத்தது. அன்றைக்கே கடைக்குப் போய்ப் பின்சீட்டில் வைக்கும் குழந்தை சீட் ஒன்று வாங்கினாள். மஞ்சள் நிறம். அதைப் பொருத்தி, பெல்ட்டைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பார்த்தாள். காலி சீட்டுக்குப் பெல்ட் போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் கிளினிக்கின் தரைத்தளப் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது தூணில் போய் முட்டினாள்.

“அந்தத் தூண் பதினஞ்சு வருஷமா அங்கதான் மேடம் நிக்குது,” என்றார் வாட்ச்மேன்.

“எனக்குத் தெரியவே இல்லை.”

“இனிமே மறக்க மாட்டீங்க.”

பின்பக்க விளக்கு உடைந்ததோடு போயிற்று. அன்று இரவு போனில் பட்டாணியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “தூண் அழுதுச்சாம்மா?” என்று கேட்டாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தூணில் முட்டலாம் போலிருந்தது.

இரண்டாவது விபத்து மூன்று வாரம் கழித்து ஒரு ரவுண்டானாவில். முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றிருந்தது. வேன் நகர்ந்தது. இவள் தலையைத் திருப்பி, குறுக்கே வரும் வண்டிகளுக்கு நடுவில் இடம் கிடைக்குமா என்று பார்த்தாள். கிடைத்தது. அழுத்தினாள். வேன் போகவில்லை, இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றிருந்தது. டமாரென்று இடி.

வேனிலிருந்து இறங்கியவர் ஒரு கேக் கடைக்காரர். கத்தப் போகிறார் என்று இவள் நினைத்தாள். அவர் நேராகப் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூன்று அடுக்குக் கேக் ஒன்று குப்புற விழுந்து, ‘வாழ்த்துகள்’ என்பதில் ‘வா’ மட்டும் மிஞ்சியிருந்தது.

“மன்னிச்சிடுங்க. நீங்க போயிட்டீங்கன்னு நினைச்சுட்டேன்,” என்றாள்.

“நினைச்சீங்க. பாத்தீங்களா?”

அவள் தன் காரின் முன்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாரும் இடைவெளியைத்தாங்க பாக்கறாங்க. முன்னாடி நிக்கிறவனை யாரும் பாக்கறதில்லை,” என்று சொல்லி, விரலால் ‘வா’வை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். “நல்லாத்தான் வந்திருந்துச்சு.”

இந்த விபத்தை அவள் பட்டாணியிடம் சொல்லவில்லை. பிரேக் சரியில்லை என்று கிளினிக்கில் சொன்னாள். இரண்டு நாளில் அவளே அதை நம்பவும் தொடங்கிவிட்டாள்.

மூன்றாவதுதான் பெரியது. முதல் தடவையாகக் காரில் தனியாக மகள் ஊருக்குக் கிளம்பிய சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். வழியில் ரோடு போடும் வேலை நடந்ததில் முக்கால் மணி நேரம் தாமதம். பட்டாணி வேறு அப்பாவின் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று வேகமெடுத்தாள். நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் வளைவு, அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. வளைவுக்கு உள்ளே வந்தபிறகு பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். சுழன்று, இரும்புத் தடுப்பில் பக்கவாட்டில் மோதி, வந்த திசையைப் பார்த்து நின்றது.

அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வேறு வண்டி எதுவும் வராதது அதிர்ஷ்டம். திரும்பிப் பார்த்தாள். பின்கதவு உள்ளே அமுங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக அந்த மஞ்சள் சீட்டில் கொட்டிக் கிடந்தது. பெல்ட் போட்டபடியே இருந்தது.

போன் அடித்தது. “அம்மா, வந்துட்டியா? நான் ஷூ போட்டுட்டேன்.”

“பக்கத்துல வந்துட்டேன்டா. வண்டி கொஞ்சம் மக்கர் பண்ணுது. அப்பாகிட்ட குடு.”

அவர் இருபது நிமிடத்தில் பைக்கில் வந்தார். முதலில் அவள் முகத்தை, கையை, கழுத்தைப் பார்த்தார். “அடி எதுவும் இல்லையே?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் காரைச் சுற்றி வந்தவர், பின்ஜன்னல் பக்கத்தில் நின்றுவிட்டார். வெகுநேரம் நின்றார்.

“மழைங்க. ரோடு வழுக்கிடுச்சு,” என்றாள்.

“மழை எல்லாருக்கும்தான் பெய்யுது.” அவர் குரல் உயரவில்லை. “இந்த சீட்ல நான் அவளை உட்கார வைக்க மாட்டேன். என்னைத் தப்பா நினைச்சுக்காதே. என்னால முடியாது.”

மறுபடி பஸ். மறுபடி நாலரை மணி நேரம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற வருகிற கார்களின் பின்சீட்டுகளையே பார்த்துக்கொண்டு வருவாள். தலையணையில் சாய்ந்து தூங்கும் பிள்ளைகள், கண்ணாடியில் மூக்கை அழுத்தி வரும் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாக்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பின்னால் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த அலட்சியம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் கிளினிக்கில் ஒரு பெரியவரின் காதைச் சோதித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட எல்லாவற்றுக்கும் அவர் சிரித்துத் தலையாட்டினார். சோதனை முடிவில் பாதிச் சத்தங்கள் அவருக்குக் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. இது அவளுக்குப் புதிதில்லை. காது மந்தமானவர்கள் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள், தலையாட்டிச் சமாளிப்பார்கள். ஆனால் அன்று அவளுக்குச் சுருக்கென்றது. ரோட்டைப் பார்த்து அவளும் இப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்த மாதிரி, புரிந்த மாதிரி.

அன்று மாலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூன்று விபத்துகளையும் படமாக வரைந்தாள். தூண் எங்கே, கண் எங்கே. வேன் எங்கே, கண் எங்கே. வளைவு எங்கே, கால் எங்கே, மனசு எங்கே. மூன்றாவது படத்தில் மனசு வளைவைத் தாண்டி, ஊரைத் தாண்டி, மாடிப்படி ஏறி, ஷூ போட்டு நிற்கும் பட்டாணியிடம் போய்விட்டிருந்தது. வண்டியில் யாருமே இல்லை.

காரைப் பழுது பார்த்த மெக்கானிக், டயரைத் தடவிக் காட்டினார். “மொட்டைங்க இது. மழையில எதைப் பிடிச்சு நிக்கும்?” அதுவரை டயரை ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நாலையும் மாற்றினாள். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில், மூடிக் கிடக்கும் மொத்த வியாபாரச் சந்தையின் காலி மைதானத்துக்குப் போவாள். இருபதில் வந்து பிரேக். முப்பதில் வந்து பிரேக். எந்த வேகத்தில் மிதித்தால் எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று காலுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வளைவுக்கு முன்பே நிதானித்து, உள்ளே போகும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுப் போவது பழகியது. வேன்காரரை நினைத்து, முன்வண்டி முழுதாக நகர்ந்த பிறகுதான் தலையைத் திருப்பினாள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

நாலு மாதம் கழித்துப் பட்டாணியின் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அன்னிக்கு மழை காரணம் இல்லைங்க. வளைவுக்குள்ள வந்து பிரேக் போட்டேன். டயரும் மொட்டை. அதுக்கு முன்னாடி ஒரு வேனை இடிச்சேன், அதை உங்ககிட்ட சொல்லலை. பிரேக் சரியில்லைன்னு எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்.”

 அவர், “நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை,” என்றார்.

“நீங்களும்தான் கேட்டதில்லை.”

“அதுவும் சரிதான்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “லிஃப்ட்ல ஆளை ஏத்துறதுக்கு முன்னாடி மூட்டையை ஏத்தி ஓட்டிப் பாப்போம். அடுத்த தடவை கார்ல வா. நான் மூட்டையா வர்றேன்.”

அந்தச் சனிக்கிழமை அவள் வந்து சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பட்டாணி மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினாள். அவர் முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டார். முதல் பத்து நிமிடம் அவர் காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டினாள். ரவுண்டானாவில் முன்கார் நகர்ந்து நின்றது; அவளும் தள்ளியே நின்றாள். நெடுஞ்சாலைக்குப் போய்த் திரும்பி, அதே வளைவுக்கு வந்தாள். புதிதாக மாற்றிய தடுப்புத் துண்டு மட்டும் பளபளவென்று இருந்தது. வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்தாள். பின்னால் ஒரு லாரி பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டு வளைந்தது.

 சற்று நேரத்தில் அவருடைய கால் அசையாமல் இருப்பதைக் கவனித்தாள். சிக்னலில் திரும்பிப் பார்த்தாள். தலை ஜன்னல் பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிவிட்டார்.

அவர் அவளுக்குப் பக்கத்தில் தூங்கி மூன்று வருடம் ஆகிறது. கடைசியாகச் சேர்ந்து இருந்த வீட்டில் அவர் ஹாலில்தான் படுப்பார். காதோரம் நரை கூடியிருந்தது. சட்டைப்பையில் அதே சின்ன டெஸ்டர். கிரீஸ் வாசனையும் சோப்பு வாசனையும் கலந்த அந்த வாசனை, மழைக்கு ஜன்னல் சாத்தியிருந்த காருக்குள் மெல்ல நிறைந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அவள் திரும்பவில்லை. வைப்பரை மெதுவான ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, நேரே ஓட்டினாள். இரண்டு கிலோமீட்டர். ஐந்து. பதினொன்று. கண் ரோட்டிலேயே இருந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். நெஞ்சு அத்தனை கனத்தும் கண் ரோட்டை விடவில்லை.

அவர் விழித்துக்கொண்டார். “எங்க இருக்கோம்?”

“திரும்பற இடத்தைத் தாண்டி வந்துட்டோம்.”

“தவறிப்போச்சா, தெரிஞ்சே விட்டியா?”

“தெரிஞ்சேதான்.”

அவர் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும் வழி முழுக்க இருவரும் பேசவில்லை. ஆனால் அது பழைய மௌனம் மாதிரி இல்லை.

வீட்டு வாசலில் அவர் மஞ்சள் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை இழுத்து இறுக்கினார். ஓரங்களிலெல்லாம் விரலை விட்டுத் துழாவினார். கண்ணாடித் துணுக்கு ஒன்றும் இல்லை. “ஆறு மணிக்குள்ள வந்துடுங்க,” என்றார்.

பட்டாணி ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்குப் போகலாமா, பூங்காவுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டதற்கு, “எங்கயும் நிறுத்தாதே. சும்மா ஓட்டிட்டே இரு,” என்றாள். அம்மாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, நாலரை மணி நேரச் சனிக்கிழமைகளில் சொல்லாததையெல்லாம் சொன்னாள். கடைவாய்ப் பல் ஆடுவதை. கணக்கு டீச்சருக்கு இவளைப் பிடிக்காததை. அம்மாவின் பச்சை ஸ்வெட்டர் ஒன்று அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டதை, தூங்கும்போது அதைத் தலைக்கு வைத்துக்கொள்வதை.

“அப்பாவும் நம்ம கூட வரலாம்ல?”

 முன்னால் ஒரு ரவுண்டானா. “இதைத் தாண்டிட்டு பேசலாம்டா,” என்று சொல்லி, முன்வண்டி முழுதாகப் போகும்வரை காத்திருந்தாள். தாண்டிய பிறகும் பதில் கிடைக்கவில்லை. பட்டாணியும் திருப்பிக் கேட்கவில்லை.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலுக்கு வந்துவிட்டார்கள். “இன்னும் டைம் இருக்கு. ஒரு சுத்து,” என்றாள் பட்டாணி. கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். அப்புறம் இன்னொன்று. மூன்றாவது சுற்றில் அவர் குடையோடு கீழே இறங்கி வந்து நின்றிருந்தார். பெல்ட்டைக் கழற்றி மகளை இறக்கிவிட்டார். குடையை டிரைவர் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னவோ சொல்லத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

“அடுத்த தடவையும் மழைன்னு சொல்றாங்க,” என்றார்.

“அப்படின்னா பஸ்லயே வந்துடறேன்.”

“வேணாம். கார்லயே வா.” குடையிலிருந்து ஒரு சொட்டு அவள் கையில் விழுந்தது. “லேட்டானா பரவாயில்லை. மெதுவா வா.”