கப்பலுக்கு இன்னிக்கு ஊசி இல்லை

கணபதி பகுதியில் லேத் பட்டறைகளும் வீடுகளும் ஒட்டிக்கொண்டு நிற்கும் தெரு ஒன்றில், மாடி வீட்டில் இல்மாவும் அவள் கணவன் ரியாஸும் குடியிருந்தார்கள். கூடவே கப்பல். அது அவர்கள் வளர்த்த ஆண் பூனை. வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டுகள். தின்று கொழுத்து ஆடி ஆடி வருவதைப் பார்த்து ரியாஸ் வைத்த பேர் அது.

போன வருஷம் கப்பல் இளைக்கத் தொடங்கியது. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற ஊற்றக் குடித்துத் தீர்த்தது. அப்புறம் பின்னங்கால் துவண்டு, குதிகால் தரையில் பட நடந்தது. சோபாவில் ஏறக்கூட முடியவில்லை. கால்நடை டாக்டர் ஆல்வின் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை நோய்ங்க. காலையிலயும் சாயங்காலமும் இன்சுலின் போடணும்."

"பூனைக்கா?" என்று ரியாஸ் சிரித்தேவிட்டான். டாக்டர் சிரிக்காததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

இல்மா வீட்டிலிருந்தே பம்ப் கம்பெனிகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பவள். கம்ப்யூட்டரில் ஒரு நூல் பிசகாத அவள் கை முதல் ஊசியன்று பிசகியதில், மருந்து பூனையின் ரோமத்தில்தான் இறங்கியது. பழகப் பழக வந்துவிட்டது. காதோரம் சின்னதாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். மெஷினில் அளவு பார்ப்பாள். சாப்பாடு வைப்பாள். அது தின்று முடித்ததும் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி போடுவாள். பாக்கெட் தீனியை நிறுத்திவிட்டு வேகவைத்த கோழியும் மீனும் கொடுத்தாள். ரியாஸ் தலையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதுடா ராசா, முடிஞ்சுது" என்று கொஞ்சிக்கொண்டிருப்பான். மெல்ல அளவு இறங்கியது. டாக்டர் மருந்தைக் குறைத்தார். "ஆனா நீங்களா ஒரு வேளைகூட நிறுத்திறாதீங்க. சட்டுன்னு உயிருக்கே ஆபத்தாயிரும்" என்றும் சொல்லியிருந்தார்.

அப்படி இருக்கையில்தான் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்கள் மொட்டை மாடிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்கால ஊசிக்குக் கூப்பிட்டால் கப்பல் இல்லை.

இருட்டும்வரை தெருத்தெருவாகக் கூப்பிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் மறுபடி இறங்கினார்கள். சரக்கு வேன் ஓட்டும் ரியாஸ் அன்று பெருந்துறைக்கு மோட்டார் லோடு கொண்டுபோக வேண்டியிருந்தது. மனசில்லாமல் கிளம்பினான். கீழ் வீட்டில் மாவு அரைத்து விற்கும் மாசாணியம்மாள் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார்.

"அழுகாதீங்க அம்மணி. ஆளுக்கொரு சந்தாத் தேடலாமுங்க."

"ரெண்டு ஊசி தவறிப்போச்சுங்கக்கா. எங்கயாவது மயங்கிக் கிடந்தா யாருங்கக்கா பார்ப்பாங்க?"

இல்மா கப்பலின் போட்டோவைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 'சர்க்கரை நோய் உள்ள பூனை. பார்த்தால் உடனே கூப்பிடுங்கள்.' மத்தியானம் போன் அடித்தது.

"ஏனுங்க அம்மணி, பூனை தேடறது நீங்கதானுங்களா? நான் வெங்கடபதி பேசறனுங்க, பின்னாடி சந்துல லேத் வெச்சிருக்கறனுங்க. இங்கொண்ணு வந்து என்ற சாப்பாட்டு டப்பாவுல இருந்த முட்டையத் தின்னுபோட்டு உக்காந்திருக்குதுங்க. காதோரமெல்லாம் பொட்டுப் பொட்டா குத்துன தடம் இருக்குது."

"அது எங்க கப்பல்தானுங்க! ஷட்டரைச் சாத்துங்க! இதோ வாரேன்!"

இல்மா ஓடினாள். ஒரு கால் செருப்பு வழியிலேயே கழன்றுபோனது. நிற்கவில்லை. பட்டறைக்குள் வெங்கடபதி லேத்தை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் நின்றார். இரும்புக் கம்பிக் குவியலுக்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னின.

"கப்பல்... வாடா தங்கம்..."

அது தலையை நீட்டியது. அந்த நேரம் பார்த்து ஒரு ஆயில் டின் உருண்டு தடாலென்று விழுந்தது. அவ்வளவுதான். கப்பல் ஒரே தாவில் லேத் மேலே ஏறியது. அங்கிருந்து கம்பி அலமாரி. அங்கிருந்து பரண்!

இல்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். சோபாவில் ஏற முடியாமல் கிடந்த பூனை!

"உடம்புக்கு முடியாத பூனைன்னு போட்டிருந்தீங்க?" என்றார் வெங்கடபதி, பரணைப் பார்த்தபடி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஏணி போட்டு ஏறி, துப்பட்டாவில் சுற்றி, பிராண்டலெல்லாம் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். மாசாணியம்மாள் பூனையைப் பிடித்துக்கொள்ள, காதில் குத்தினாள். ஐந்நூறைத் தாண்டியிருக்கும் என்று பயந்து பயந்து பார்த்தால், மெஷின் நூற்றெட்டு என்றது.

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றாள் இல்மா. வேறு ஸ்ட்ரிப் போட்டாள். நூற்றுப் பத்து.

"இருங்க அம்மணி, என்ற வெரல்ல குத்திப் பாருங்க" என்று மாசாணியம்மாள் கையை நீட்டினார். அவருக்கும் பல வருஷமாகச் சர்க்கரை. இருநூற்று அறுபது காட்டியது. அவர் அதையே கொஞ்ச நேரம் முறைத்தார். "மெஷின் நல்லாத்தானிருக்குது கண்ணு. நாந்தான் கெட்டுப்போயிருக்கறேன்!"

இல்மா டாக்டருக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போய்விட்டது.

"ஊசி எதுவும் போட்டுறலயே?" என்றார் ஆல்வின் முதலில்.

"இல்லைங்க டாக்டர்."

"போடாதீங்க, அப்படியே தூக்கிட்டு வாங்க. பயந்தாலே பூனைக்குச் சர்க்கரை ஏறும். மருந்தில்லாம, இத்தனை கலவரத்துலயும் நூத்தெட்டுன்னா..." அவர் குரலே மாறியிருந்தது. "சில பூனைங்களுக்கு உடம்பு மறுபடி தானாவே இன்சுலின் சுரக்க ஆரம்பிச்சிரும். அப்படித்தான் தெரியுது. வாங்க, பார்த்துச் சொல்றேன்."

இல்மா ரியாஸைக் கூப்பிட்டாள். அவன் பாதி வழியிலேயே மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பி, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"ஏங்க, கிடைச்சுட்டான்! சுகர் நார்மல்! ஊசியே இல்லாம நார்மல்!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவன் போட்ட சத்தம் போனைத் தாண்டி மாசாணியம்மாளுக்கே கேட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு உறுதி சொன்னார். மறுபடி வர வாய்ப்பிருக்கிறது, சாப்பாட்டை மாற்றாதீர்கள், அளவு பார்ப்பதை விடாதீர்கள் என்றார். வாரங்கள் போயின. அளவு ஏறவில்லை. மாசாணியம்மாளும் அன்றைக்குக் கண்ட எண்ணுக்குப் பயந்து, தனக்கும் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

ரியாஸின் அத்தை மகள் நிக்காஹ் கிணத்துக்கடவில் நடந்தபோது, ஊசிக்கு ஆள் தங்க வேண்டியதில்லை என்று இருவரும் சேர்ந்தே போனார்கள். பிரியாணி வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் ரியாஸ், "எங்க பூனைக்கு சுகர் போயிருச்சு!" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெரியவர் ஒருவர் தட்டோடு இல்மாவிடம் நகர்ந்து வந்து, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கும் சுகர்தான். என்ன மருந்தும்மா குடுத்தீங்க?"

"இன்சுலின்தானுங்க மாமா. டாக்டர் சொன்னபடி, ரெண்டு வேளையும்," என்றவள் அதோடு நிறுத்த முடியாமல் போனை எடுத்தாள். "இருங்க, போட்டோ காட்டறேன்."