சிரித்த முகத்துக்குக் கேடயம்

அந்த டீச்சரின் மூக்கை உடைக்காமல் விடுவதில்லை என்று நான் கறுவிக்கொண்டு இருபது நாள் ஆகியிருந்தது.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளும் அதில்தான் வருவாள். அவள் வகுப்பு வாசலில் ஓர் அட்டை தொங்கும். அதில் சிரித்த முகம், அழுத முகம், கோப முகம். காலையில் உள்ளே போகும்போதே ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை, மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்தில் மாட்ட வேண்டும். பிள்ளைகள் மனசைப் புரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடாம். நல்லதுதான். ஆனால் அந்த மகராசி அதற்கு ஒரு கேடயத்தையும் வைக்கச் சொல்லிவிட்டாள். மாதம் முழுக்க எல்லாக் கிளிப்பும் சிரித்த முகத்தில் இருக்கிற வகுப்புக்குக் கேடயம். சிரிப்புக்குப் பரிசு வைத்தால் எந்தப் பிள்ளை துணிந்து அழும்?

என் மகள் அழுதாள். அவள் அப்பா வேலைக்காக வெளிநாடு போன மறுநாள், கிளிப்பை அழுத முகத்தில் மாட்டினாள். டீச்சர் அதைப் பிடுங்கிச் சிரித்த முகத்தில் மாட்டி, "உன் ஒருத்தியால எல்லாருக்கும் கேடயம் போகணுமா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் மறுபடி எடுத்து அழுத முகத்திலேயே மாட்டினாள். கேடயம் போனது. அன்றிலிருந்து அவள் பெயர் அழுமூஞ்சி. வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

நேரில் போய்க் கேட்டேன். "நீங்க வீட்டுல கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்கம்மா. உங்களைப் பார்த்துத்தானே குழந்தை கத்துக்கும்" என்றாள். எனக்கே பாடம்! அடி செருப்பாலே என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினேன்.

எனக்கும் ஒரு நாள் வந்தது. அந்த அட்டையைப் பார்க்க மேலிடத்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று டீச்சர் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

என் மகளோடு சேர்த்து அந்த வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் என் வேனில். யாரை எங்கே தொட்டால் வலிக்கும் என்று எனக்கு அத்துப்படி. முன்பல் விழுந்த பையனிடம், "உங்க நாய்க்குட்டி கிடைச்சிடுச்சாடா?" என்றேன். உதடு பிதுங்கியது. இரட்டைச் சடைக்காரியிடம், "அம்மாவும் அப்பாவும் பேசிக்கிறாங்களா, இல்ல இன்னும் சண்டைதானா?" என்றேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படியே ஒவ்வொருவராக. பிறகு தேனொழுகச் சொன்னேன்: "கண்ணுங்களா, இன்னைக்கு மனசுல என்ன இருக்கோ, அதுலயே கிளிப்பை மாட்டுங்க. மிஸ் மாத்தினா, ஏன் மிஸ்னு சத்தமா கேளுங்க."

பாவம்தான். அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினேன்.

மாலையில் வாட்ச்மேன் ஓடி வந்தார். "அக்கா, பத்து கிளிப்பு அழுற மூஞ்சில! மிஸ் கை வைக்கப் போனாங்க, பசங்க மொத்தமா 'ஏன் மிஸ்?'னு கத்திட்டாங்க. வந்தவங்க முன்னாடி மிஸ் முகத்துல ஈயாடல!"

நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் கூத்தாடினேன். ஆனால் பத்துதானா?

எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு மகளைக் கேட்டேன். "நீ எதுலடி மாட்டின?"

"சிரிச்ச மூஞ்சில."

"ஏன்? மிஸ்ஸுக்குப் பயந்துட்டியா?"

"இல்லம்மா. அப்பா போனதுலேர்ந்து நீ இன்னைக்குத்தான் பாடுன. நான் அழுதேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவியே."

வேனை ஓரங்கட்டி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அழணும்னா அழுடி தங்கம்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நீ அழமாட்டியே?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.