அறுபதுக்குப் பூஜ்யம்

நடக்காத விபத்துக்குக் கணக்குப் போடுவதுதான் அவள் வேலை. கம்பெனிக்கு எட்டு ரசாயன ஆலைகள். கரண்ட் போனால் உலையைக் குளிர்விக்க ஒவ்வொன்றிலும் ஒரு டீசல் பம்ப். மாதம் ஒருமுறை அதை ஓட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார்கள்.

ஐந்து வருஷம், அறுபது சோதனை. ஏழு ஆலைகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவையாவது பம்ப் மக்கர் செய்திருந்தது. எட்டாவதில் பூஜ்யம். அங்கேதான் அவள் தம்பி ஷிப்ட் ஆபரேட்டர். பம்புக்கும் உலைக்கும் நடுவில் அவன் நாற்காலி.

"ஒண்ணுகூட ஃபெயில் இல்ல. இன்னும் என்னம்மா வேணும்? நீ கேக்கற ரெண்டாவது பம்ப் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று மேலாளர் ஒற்றைக்காலில் நின்றார்.

"அறுபதுல இல்லேன்னா எப்பவுமே இல்லேன்னு ஆயிடுமா சார்?"

எட்டு ஆலைகளும் உடன்பிறப்புகள் மாதிரி. ஒரே சாடை, குணம் மட்டும் வேறு வேறு. மற்ற ஏழு ஆலைகளையும், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தையும் வைத்து எட்டாவதை முதலில் ஊகிப்பாள். பிறகு அதன் சொந்தப் பதிவேடு அந்த ஊகத்தைத் தன் பக்கம் இழுக்கும். அறுபது பூஜ்யமும் சேர்ந்து நன்றாகவே இழுத்தன. ஆபத்தின் அளவு அனுமதித்த எல்லைக்கு மயிரிழை கீழே வந்து உட்கார்ந்தது. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்கோ சந்தேகம் குடைந்தது. ஞாயிறு மதியம் சாப்பிட வந்த தம்பியிடம் கேட்டாள்.

"உங்க பம்ப் மட்டும் எப்படிடா இவ்வளவு நல்ல பிள்ளை?"

"நாங்க கவனிக்கிற கவனிப்பு அப்படி!" காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "டெஸ்டுக்கு முன்னாடியே பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிடுவோம். கிளம்பலேன்னா தட்டிக்கொட்டிக் கிளப்பிடுவோம். அப்புறம்தான் டெஸ்ட்."

கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"கரண்ட் என்ன, பத்து நிமிஷம் முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டா போகும்?"

தம்பி தட்டைப் பார்த்தான். "எழுதிடாதக்கா. பதிவேட்டுல பாதி என் கையெழுத்து. வேலைக்கே வேட்டு வெச்சிடாத."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வேலை போனால் வேறு வேலை தேடலாம். தம்பி போனால் எங்கே போய்த் தேடுவது?

திங்கட்கிழமை அறுபது பூஜ்யத்தையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டுக் காரணத்தையும் எழுதினாள். இனி எட்டாவது ஆலைக்கு உடன்பிறப்புகளின் சாடைதான் மிச்சம். ஆபத்தின் அளவு எல்லையைத் தாண்டிக் குதித்தது. மேலாளர் எரிந்து விழுந்தார். தம்பி மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சூடாக்காமல் ஒரு சோதனை செய்யும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு போனது.

அந்தச் சோதனை நாளன்று காலை பத்தரைக்கு ஃபோன் அடித்தது.

"அக்கா, ஒண்ணு எழுதிக்கோ."

"ஓடுச்சா?"

"பட்டனை மூணு தடவை அமுக்கினேன். ஓடல."

அவனே மேலே பேசினான்.

"அஞ்சு வருஷமா இது பக்கத்துலதான்க்கா உக்காந்திருக்கேன்."

"இன்னும் அங்க என்னடா பண்ற? உலையை நிறுத்தச் சொல்லிட்டு முதல்ல வெளிய வா."