நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் கொக்குகள்

"அஞ்சாவது மாடியில இதவிடப் பெரிய ரூமே காலியா இருக்கு. உங்க கல்யாண நாளுக்காக நாங்களே மாத்தித் தர்றோம்" என்று வரவேற்பு மேசைப் பெண் சொன்னதுதான் தாமதம், டிரைவரின் முகம் மலர்ந்தது. அவர் மனைவி திரைக்காரம்மாவின் முகம் வெளிறிப்போனது.

"வேணாம்மா. எங்களுக்கு நானூத்திப் பன்னெண்டே போதும்."

"தானா வர்றத ஏன் வேணாங்கறே?" என்று டிரைவர் அவள் காதருகே முணுமுணுத்தார். அவள் மேசைக்குக் கீழே அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்த மிதிக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டார்.

"சரிங்கம்மா. அந்த ரூமுக்கு எப்பவுமே கிராக்கிதான். உங்க பொண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வெச்சதால கெடச்சுது" என்று சாவி அட்டையை நீட்டினாள் அந்தப் பெண். கிராக்கியா, அந்த அறைக்கா என்று திரைக்காரம்மாவுக்கு ஒரு கணம் உறைத்தது. ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. கைப்பைக்குள் ஊசியும் நூலும் தையல் பிரிக்கும் சிறு கத்தியும் இருக்கின்றனவா என்று இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முப்பதாவது கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டபோது, அம்மா வழக்கம்போல "எனக்கென்ன வேணும், நீ நல்லா இருந்தாப் போதும்" என்பாள் என்றுதான் எதிர்பார்த்தாள். அம்மாவோ கண்ணை மூடித் திறப்பதற்குள், "ஆத்தோர ஹோட்டல்ல ஒரு நாள் தங்கணும். நாலாவது மாடி. ரூம் நம்பர் நானூத்திப் பன்னெண்டு" என்றாள். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டிரைவருக்கோ தலைகால் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். இந்த வயசில் பெண்டாட்டிக்குத் தன்னோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறதே என்று பூரித்துப்போய்ப் புதுச் சட்டை எடுத்தார். தலைக்கு மை போட்டுக்கொண்டார். அந்த மை இடது காதுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் திரைக்காரம்மாவுக்குக் குற்ற உணர்ச்சி குத்தியது. ஏனென்றால் அவள் ஆற்றைப் பார்க்க வரவில்லை.

அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ஹோட்டலால்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஹோட்டல் கட்டி முடித்தபோது, அத்தனை அறைகளுக்கும் ஜன்னல் திரை தைக்கும் வேலை அவளுக்கு வந்தது. சாம்பல் நிறத் துணி, அதில் தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்குகள். உருவம் அச்சிட்ட துணிக்கு மேல் கீழ் உண்டு. அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு துண்டின் மேல்முனையிலும் சாக்கட்டியால் ஓர் அம்புக்குறி போட வேண்டும். வேலைக்குச் சேரும் எந்தப் பெண்ணுக்கும் அவள் சொல்லித்தரும் முதல் பாடம் அதுதான். "அம்பு போடாமக் கத்திரியத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்பாள். அப்படிச் சொல்லும் அவளே, கடைசி நாளில், கடைசித் துண்டில், அம்பைத் தலைமாற்றிப் போட்டுவிட்டாள்.

திரை மாட்டப் போன ஆள் போன் செய்தான். "அக்கா, நானூத்திப் பன்னெண்டுல எடது பக்கத் திரையில கொக்கெல்லாம் ஒழுங்கா நிக்குது. வலது பக்கத்துல தலைகீழாத் தொங்குதே!" மறுநாள் திறப்பு விழா. துணி ஒரு சாண்கூட மிச்சமில்லை. "அது டிசைனுப்பா. அப்படித்தான் இருக்கணும். பேசாம மாட்டு" என்று சொல்லிவிட்டாள். அவனும் மாட்டிவிட்டான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, பேருந்து பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அவள் கண் நாலாவது மாடி ஜன்னல்களை எண்ணும். பன்னிரண்டாவது வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும்.

இப்போது ஹோட்டலில் எல்லாத் திரைகளையும் மாற்றப் போகிறார்கள். எட்டு மாசத்துக்கு முன் வந்த மேனேஜரம்மா கறாரானவள். "திங்கக்கிழமை ஒவ்வொரு ரூமா நடந்து பழைய தையலப் பாப்பேன். அதுக்கப்புறம்தான் புது வேலை யாருக்குன்னு சொல்வேன்" என்று ரெண்டு மாசத்துக்கு முன்பே தேதி குறித்துச் சொல்லியிருந்தாள். அந்த வேலை கிடைத்தால் திரைக்காரம்மாவுக்கும் அவளிடம் தைக்கும் நாலு பெண்களுக்கும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. நானூற்றுப் பன்னிரண்டைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான். மேலும் கீழும் தெரியாதவளிடம் யார் துணியைக் கொடுப்பார்கள்? இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக்குப் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்வதற்குள் கொக்குகளை நேராக நிறுத்தியாக வேண்டும்.

அறைக்குள் போனதும் டிரைவர் குழந்தையாகிவிட்டார். விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தார். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தரம் குதித்தார். "ஏம்மா, இங்க வந்து பாரேன்! ஆத்தப் பாத்துக்கிட்டே குளிக்கலாம், தொட்டியில அப்படி ஒரு ஜன்னலு!" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. "நீங்க நிதானமாக் குளிச்சிட்டு வாங்க, அவசரமே இல்ல" என்றாள் அவள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

பாவம், பதினொரு வருஷமாக ரத்தம் தலைக்கு ஏறத் தொங்கிக்கொண்டிருந்தன கொக்குகள். தையலை விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூட விட்டிருக்கவில்லை. கொக்கி மாட்டும் மடிப்புகள் நேற்றுத் தைத்ததுபோல விறைப்பாக நின்றன. தப்பான திரையை எவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறோம் என்று அவளுக்குப் பெருமையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கொக்கிகளிலிருந்து திரையைக் கழற்றிக் கட்டிலில் விரித்துக் கீழ் மடிப்பைப் பிரிக்கத் தொடங்கினாள். கீழ் மடிப்பைப் பிரித்து, கொக்கி மாட்டும் மேல் நாடாவைப் பிரித்து, இரண்டையும் இடம் மாற்றித் தைக்க வேண்டும். கையால் தைத்தால் ஆறு மணி நேரம் பிடிக்கும்.

பாதி மடிப்புதான் பிரிந்திருக்கும், டிரைவர் வெள்ளை அங்கியில் ராஜா மாதிரி வெளியே வந்தார். "என்னடி இது அநியாயம்!"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, "அப்ப என்னைக் கல்யாண நாளுக்குக் கூட்டிட்டு வரல. ரிப்பேர் வேலைக்குக் கூட்டிட்டு வந்திருக்கே" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. கண்ணில் இல்லை.

"தப்புதாங்க. யார்கிட்டயும் சொல்ல வாய் வரல."

"பதினொரு வருஷம் என்கிட்டகூடவா? நான் என்ன டிக்கெட் செக்கரா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பெருமூச்சு விட்டார். அங்கியின் கையை மடித்துக்கொண்டார். "சரி, எந்த நூல இழுக்கணும் சொல்லு" என்று பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. இருவரும் திரையைச் சுருட்டி மறைப்பதற்குள், "கல்யாண நாள் வாழ்த்துக்கள்!" என்று சொல்லிக்கொண்டே மேனேஜரம்மா கையில் கேக்கோடு உள்ளே வந்துவிட்டாள். "நம்ம திரைக்காரம்மாதான் தங்கியிருக்காங்கன்னு இப்பத்தான் கீழ சொன்னாங்க..." அவள் பார்வை ஒரு பக்கம் மொட்டையாக நின்ற ஜன்னலுக்குப் போனது. அங்கிருந்து கட்டிலுக்கு வந்தது.

"கொஞ்சம் தூசியா இருந்துச்சு, அதான் தட்டலாம்னு..." என்றார் டிரைவர்.

"ஐயையோ, என்ன பண்ணிட்டீங்க! இதையா பிரிச்சீங்க?" என்று மேனேஜரம்மா கேக்கை மேசையில் வைத்தாள். "இந்தத் திரைக்காகவேதான் ஆளுங்க இந்த ரூமக் கேட்டு வர்றாங்க. ஒரு பக்கம் கொக்கு, மறுபக்கம் தண்ணியில அதோட நிழல். ஆத்தப் பாத்த ஜன்னலுக்கு எவ்வளவு யோசிச்சு டிசைன் பண்ணியிருக்கீங்கன்னு சொல்லாத ஆளில்ல. திரை மாட்டினவர் அன்னிக்கே சொன்னாராம், இது நீங்களே பண்ண டிசைனுன்னு. புது வேலையில எல்லா ரூமுக்கும் இதே மாதிரி பண்ணலாமான்னு திங்கக்கிழமை உங்களக் கேக்கலாம்னு இருந்தேன்!"

திரைக்காரம்மா தான் பிரித்த மடிப்பைப் பார்த்தாள். பதினொரு வருஷமாகப் பாலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டதெல்லாம் எதற்கு? டிரைவரின் கால் மெல்ல வந்து அவள் காலை மிதித்தது. அந்த மிதிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். ஒரு 'ஆமாம்' போதும். நாலு பெண்களுக்கும் ஒரு வருஷம் நிம்மதி. ஆனால் இன்றைக்கும் 'டிசைன்' என்று சொல்லிவிட்டால், எல்லா அறைகளிலும் அந்தப் பொய்யையே தைத்துத் தொங்கவிட வேண்டியிருக்கும். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"டிசைனெல்லாம் இல்லம்மா. வெட்டறதுக்கு முன்னாடி துணியில போடற சாக்கட்டி அம்பத் தலைமாத்திப் போட்டுட்டேன். பயத்துல டிசைனுன்னு சொல்லிட்டேன். நீங்க வந்து பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடலாம்னுதான் இந்த ரூமையே கேட்டு வாங்கினேன்."

டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். மேனேஜரம்மா திரையைப் பார்த்தாள், திரைக்காரம்மாவைப் பார்த்தாள், நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் இந்தக் கதைய அளந்துட்டு இருக்கேனே நான்!" என்றாள். சொல்லும்போதே உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள். "அத மறுபடி தைச்சிடுங்க. தலைகீழாவே. திங்கக்கிழமை இஞ்ச் டேப்போட வாங்க. இந்தத் தடவ அம்பு போடறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்."

கதவு சாத்திய பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அடிப்பாவி" என்றார் டிரைவர், கேக்கை வெட்டிக்கொண்டே. அவர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் பிரித்த மடிப்பைப் பிரித்த இடத்திலேயே தைத்தாள். சாயங்கால வெயில் ஆற்றில் சாய்ந்தபோது திரை பழையபடி கொக்கிகளில் ஏறிவிட்டது.

"இங்க வா" என்று டிரைவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, ஜன்னல் பக்கம் தலையைத் தொங்கவிட்டார். "வான்னு சொல்றேன்ல! இப்படிப் பாத்தா உன் கொக்கு நேரா நிக்கும்." அவளும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் படுத்துத் தலையைத் தொங்கவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பதினொரு வருஷமாகத் தொங்கிய கொக்குகள் காலை ஊன்றி நின்றன. ஆறு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா" என்றார் அவர். "இப்பவும் வலது பக்கம் தலைகீழாத்தான் இருக்கு."

அவள் உற்றுப் பார்த்தாள். ஆமாம், தலையைத் தொங்கவிட்டதில் இடமும் வலமும் இடம் மாறி, இதுவரை ஒழுங்காக நின்ற கொக்குகள் இப்போது வலது பக்கம் தலைகீழாகத் தெரிந்தன. இரண்டு திரைகளுக்கும் நடுவே ஒரு படகு கவிழ்ந்தபடியே, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே புகாமல், நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.